தேங்காப்பட்டணத்தில் இறங்கிய ஒரு கேரைக்கு வயது என்ன?

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு மீன். கேரை, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரை. மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை 143 செ.மீ. தூத்தூர் பக்கத்துப் போட்டு (மீன்பிடிப் படகு) ஒன்று இலட்சத்தீவுக்கு மேற்கே தூண்டில் போட்டுப் பிடித்து, குடலும் செவிளும் எடுத்து ஐஸில் புதைத்து, கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் இறக்கியது. கேள்வி இரண்டு: இதற்கு வயது என்ன, இது எங்கே பிறந்து எங்கே சுற்றிவிட்டு நம் தூண்டிலில் மாட்டியது?

ஒரு மீனை வைத்து என்ன ஆய்வு என்று கேட்கலாம். ஆயிரம் மீனை அளந்த அட்டவணைகள் நிறைய இருக்கின்றன. அந்த அட்டவணையில் ஒரு வரி எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் தகவல் கைநழுவிப் போகிறது என்பதைப் பார்க்க ஒரு மீனைப் பின்தொடர்ந்தால்தான் சரியாக வரும் என்று எனக்குத் தோன்றியது. துறைமுகத்தில் மீன் அளவெடுக்கிற ஆளாக நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏலம் முடிவதற்குள்ளேயே வயதைப் பற்றி இரண்டு தீர்ப்பு வந்துவிட்டது. போட்டு முதலாளி, "ரெண்டு வயசு, மிஞ்சிப்போனா மூணு. சூரை சட்டுன்னு வளரும்" என்றார். வயதான ஸ்ராங்க் (போட்டை ஓட்டுகிறவர்) ஒருவர், "போ மக்களே, பத்து வருசம் கடலைப் பார்த்த மீனு இது, அந்தத் துடுப்போட நீளத்தைப் பாரு" என்றார். நீளத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

காரணம் இதுதான். கேரை சின்ன வயதில் மிக வேகமாக வளரும். முதல் வருடத்திலேயே அரை மீட்டரைத் தொட்டுவிடும். நடுவில் ஒரு மந்தமான கட்டம் உண்டு, ஏறக்குறைய 60 செ.மீ. வரைக்கும் நிதானமாகப் போய், அதன் பிறகு திடீரென்று வேகம் பிடிக்கும். மீட்டர் நீளத்தில் 20 கிலோவை ஒட்டிய எடை, 140 செ.மீ. வந்தால் 50 கிலோவைத் தாண்டும். அதற்குமேல் வளர்ச்சிக் கோடு படுத்துவிடுகிறது. சாப்பிடுகிறது, முட்டை போடுகிறது, சுற்றுகிறது, நீளம் மட்டும் பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே 60 செ.மீ. மீனைக் காட்டினால் அதன் வயதை மாதக் கணக்கில்கூட ஓரளவு சொல்லிவிடலாம். 143 செ.மீ. மீனுக்கு நாலு வயதும் இருக்கலாம், எட்டும் இருக்கலாம். முதலாளி சொன்ன இரண்டு என்பது மட்டும் நிச்சயமாகக் குறைவு.

நீளத்தை வைத்தே வயது கணிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. மாதாமாதம் துறைமுகத்தில் இறங்கும் மீன்களின் நீளத்தை அளந்து, எந்த நீளத்தில் மீன் அதிகம் குவிகிறது, அந்தக் குவியல் அடுத்த மாதம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும் முட்டையிட்டு, ஒரே இடத்தில் வாழும் மீனுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். கேரை முட்டையிடுவது முக்கியமாக டிசம்பர் முதல் மார்ச் வரை, பூமத்திய ரேகையை ஒட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடலில்; ஆனால் வேறு இடங்களிலும் வேறு மாதங்களிலும் இடுவதால் குவியல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அப்புறம் எந்த வலை, எந்தத் தூண்டில் என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைக்கும் அளவே மாறுகிறது. தூண்டிலில் சின்ன மீன் குறைவாக வரும், சுருக்குவலையில் அரை மீட்டர்க் குட்டிகள் கூட்டமாக வரும். நம் துறைமுகத்தில் மட்டும் நின்று அளந்தால் கேரை என்ற இனத்தில் குட்டியே கிடையாது என்று நினைத்துவிடலாம்.

இன்னொரு தகவலும் கடலிலேயே போய்விட்டது. பெரிய கேரைகளில், குறிப்பாக 150 செ.மீ.க்கு மேல், ஆண் மீன்களே மிக அதிகம். பெண் மீன் அந்த அளவுக்கு வளருவதில்லையா, முன்னதாகச் செத்துவிடுகிறதா என்பது ரொம்ப நாள் விவாதம். நம் மீன் ஆணா பெண்ணா? குடலோடு சேர்த்து சினையையும் போட்டிலேயே அறுத்துக் கடலில் வீசிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடலை வைத்துக்கொண்டு பல வாரம் கடலில் கிடந்தால் மீன் கெட்டுப்போகும்.

ஆக மிச்சமிருந்தது தலை.

கத்தாளை மீன் தின்றவர்களுக்கு மீன் தலைக்குள் கல் இருப்பது தெரியும். சின்னப் பிள்ளைகள் அந்த வெள்ளைக் கல்லை எடுத்து விளையாடுவார்கள். எலும்புள்ள மீன் எல்லாவற்றுக்கும் உள்காதில் மூன்று ஜோடி கல் உண்டு. உடம்பு திரும்பும்போது சமநிலையையும் ஒலியையும் உணர உதவுவது அதுதான். கால்சியம் கார்பனேட் நாள்தோறும் மெல்லிய படலமாகப் படிந்து படிந்து வளருகிறது, ஒருதரம் படிந்தது பெரும்பாலும் கரைவதில்லை. அதனால்தான் வயது பார்க்கச் செதிலையும் முள்ளையும்விட இந்தக் கல்லை நம்புகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஒரு முழம் கத்தாளைக்கு நல்ல கட்டையான கல் இருக்கும், ஐம்பது கிலோ கேரைக்கு இருப்பதோ அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, ஓரம் நொறுங்கக்கூடிய மெல்லிய துண்டு. தேடத் தெரியாதவர் கையில் மண்டையோட்டுத் தூளோடு தூளாகப் போய்விடும்.

இந்த ஆய்வில் கல்லைப் படித்ததைவிடக் கல்லைக் கைக்குக் கொண்டுவந்ததுதான் பெரும்பாடு. ஏற்றுமதிக்குப் போகும் தரம் என்றால் தலையோடுதான் வாங்குவார்கள், மண்டையில் ரம்பம் வைத்தால் விலை விழும். தரம் குறைந்தால் உள்ளூர் வியாபாரிக்குப் போகும், அவர் வெட்டித் தலையைத் தனியாக விற்பார், அது அன்றைக்கே யாரோ ஒருவர் வீட்டுக் குழம்புச் சட்டியில் இருக்கும். சூரைத் தலைக் குழம்புக்கு எங்கள் பக்கம் இருக்கிற மவுசு தெரிந்தவர்களுக்குத் தெரியும். செவிள் எடுத்த வழியாக, அடிப்பக்கத்திலிருந்து உள்ளீடற்ற துளைப்பானை ஏற்றி, வெளித்தோற்றம் கெடாமல் கல்லிருக்கும் பகுதியை மட்டும் எடுக்கிற முறை ஒன்று உண்டு. வெளிநாட்டில் விலை உயர்ந்த சூரைகளுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் துறைமுகத்தில் அப்படி ஒரு துளைப்பானை எடுத்துக்கொண்டு கம்பெனிக்காரர் வாங்கிய மீன் பக்கம் போனால் அடிதான் விழும். நம் கேரை நல்லவேளையாக ஏற்றுமதித் தரத்தில் தேறவில்லை. தலையை வாங்கவிருந்த அக்காவிடம் பேசி, விலையைக் கொடுத்து, கண்ணுக்கு மேலே குறுக்கே அறுத்து மூளையைத் தூக்கி, அதற்கு அடியில் இரு பக்கமும் இருந்த கல்லை எடுத்துவிட்டு, மீதித் தலையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "கல்லுக்குத் துட்டு, தலை எனக்கா? தினமும் வாங்க தம்பி" என்றார்.

கல்லை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கல்லில் நாளுக்கு ஒரு வளையம் படிகிறது என்பதை 1971இல் பன்னெல்லா என்பவர் காட்டினார். சூரைக்கும் அது பொருந்துமா என்று சோதிக்க, பிடித்த மீனுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி போட்டு அடையாளம் குத்திக் கடலில் திரும்ப விடுவார்கள். அந்த மருந்து அன்றைய படலத்தில் தங்கி, புற ஊதா ஒளியில் ஒளிரும். மீன் மறுபடி பிடிபட்டால், ஒளிரும் கோட்டிலிருந்து விளிம்பு வரை எத்தனை வளையம், இடையில் எத்தனை நாள் என்று ஒப்பிடலாம். இளம் கேரையில் கணக்கு நன்றாகப் பொருந்தியது. வயதாக ஆக வளையங்கள் நெருங்கிப்போய் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாமல் போகும். எண்ணுகிறவர் குறைத்து எண்ணிவிடுவார். அந்தக் குறைந்த எண்ணிக்கையை அப்படியே நம்பியதால் கேரை ஏழெட்டு வருடம் வாழ்ந்தால் அதிகம் என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது.

பெரிய மீனுக்கு வேறு வழி: கல்லைப் பிசினில் பதித்து, வைரத்தகடு ரம்பத்தால் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து, வருடாந்திரப் பட்டைகளை எண்ணுவது. சரி, அந்தப் பட்டை வருடத்துக்கு ஒன்றுதான் என்பதற்கு என்ன சாட்சி? இங்கேதான் அணுகுண்டு வருகிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் வெடித்துச் சோதித்த குண்டுகளால் கதிரியக்கக் கார்பன் அளவு எகிறி, பிறகு மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. கடல்நீரில் அது எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்பது பவளப்பாறைகளில் பதிவாகியிருக்கிறது. கல்லின் மையப்பகுதி மீன் பிறந்த வருடத்தில் உருவானது. அதில் உள்ள அளவைப் பவளத்தோடு ஒப்பிட்டால் பிறந்த வருடம் கிடைக்கும். வடமேற்கு அட்லாண்டிக் கேரைகளில் இதைச் செய்து 2020இல் வெளியிட்டபோது, 16 முதல் 18 வயது வரையிலான மீன்கள் இருப்பது உறுதியானது. இந்தியப் பெருங்கடல் கேரைகளின் கல்லில் வருடாந்திரப் பட்டை எண்ணியவர்களுக்கும் பத்து வயதை ஒட்டிய மீன்கள் கிடைத்தன. துடுப்பைப் பார்த்துப் பேசிய எங்கள் ஸ்ராங்க் அப்படியொன்றும் அடித்துவிடவில்லை.

நம் மீனின் கல்லை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அறுத்துக் கொடுத்தார். நீளம், இடம், தேதி எதையும் சொல்லாமல் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் காட்டினோம். ஒருவர் ஆறு என்றார், இன்னொருவர் ஏழு. விளிம்பில் பாதி தெரிந்த பட்டையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் பிரச்சினை. இந்த வேலையில் இது சகஜம், இருவரும் ஒத்துப்போயிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆறு அல்லது ஏழு என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

இனி இடப்பெயர்ச்சி. இது வயதைவிடச் சிக்கல்.

இந்தியப் பெருங்கடலில் சூரை எங்கிருந்து எங்கே போகிறது என்பது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே திட்டத்திலிருந்து வந்தது. 2005 முதல் 2007 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், சூரைப் பிடிப்பை முறைப்படுத்தும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் மேற்பார்வையில், பெரும்பாலும் தான்சானியாவுக்கு அப்பாலுள்ள கடலில் 1.68 இலட்சம் சூரைகளைத் தூண்டிலில் பிடித்து, இரண்டாவது முதுகுத்துடுப்புக்கு அடியில் எண் பொறித்த பிளாஸ்டிக் இழையைக் குத்திவிட்டார்கள். மாலத்தீவு, இலட்சத்தீவு போன்ற இடங்களில் நடந்த சிறிய முயற்சிகளையும் சேர்த்தால் இரண்டு இலட்சம் வரும். முப்பதாயிரத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தன. வளர்ச்சிக் கோட்டில் நான் மேலே சொன்ன அந்த மந்தமான கட்டம் இதிலிருந்துதான் உறுதிப்பட்டது, ஏனென்றால் விட்ட நாளில் நீளம் என்ன, பிடித்த நாளில் என்ன என்று நேரடியாகத் தெரிந்தது. பல நூறு கடல் மைல் தாண்டிய மீன்கள் ஏராளம்.

ஆனால் வரைபடத்தில் அந்த மீட்புப் புள்ளிகளைப் பார்த்தால் அவை மேற்கு இந்தியப் பெருங்கடலில் அப்பிக் கிடக்கும், நம் பக்கம் வெறிச்சென்று இருக்கும். மீன் இங்கே வரவே இல்லையா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது. திரும்பிய இழைகளில் பெரும்பாலானவை சுருக்குவலைக் கப்பல்கள் பிடித்து சிஷெல்ஸ் துறைமுகத்தில் இறக்கிய மீன்களிலிருந்து வந்தவை. அங்கே ஆள் போட்டு, பரிசு கொடுத்து, இழையைத் தேடி வாங்கினார்கள். மற்ற தொழில்களிலிருந்து வந்தது மிகக் குறைவு. மீன் போன இடத்தோடு, இழையைக் கேட்டு வாங்க ஆள் இருந்த இடமும் சேர்ந்துதான் அந்தப் படத்தை வரைந்திருக்கிறது என்பது என் கருத்து. இதைக் கணக்கிடும் விஞ்ஞானிகளுக்கும் இது தெரியும், இழை திரும்பும் விகிதத்துக்கென்று தனியாகத் திருத்தம் போடுகிறார்கள். திருத்தம் போடலாம், இல்லாத புள்ளியை உண்டாக்க முடியாது.

எங்கள் ஸ்ராங்க்கிடம் இழையைப் பற்றிக் கேட்டேன். முன்பு ஒரு தடவை ஒரு கேரை முதுகில் மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததாகவும், பிடுங்கிக் கடலில் போட்டதாகவும் சொன்னார். ஏன் என்றால், "அதைக் கொண்டுபோய்க் குடுத்தா எங்க பிடிச்சேன்னு கேப்பான்ல. அப்புறம் யாரு பதில் சொல்ல?" அது நியாயமான பயம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வரைக்குமுள்ள ஊர்க்காரர்கள் சுறாவும் கேரையும் தேடி வெகுதூரம் போகிறவர்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் எல்லை தாண்டியதாகப் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து வைத்த போட்டுகளில் நம் மாவட்டத்தார் போட்டுகள் உண்டு. ஒக்கி புயல் வீசிய 2017 நவம்பர் 30க்குப் பிறகு, எங்கே இருக்கிறாய் என்ற கேள்வி உயிர் காக்கும் கேள்வி என்று எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. ஆனால் அதே கேள்வியைக் கரையில் ஒருவன் நோட்டும் பேனாவுமாகக் கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது. அதோடு நல்ல மீன் கிடைத்த இடத்தை அடுத்த போட்டுக்காரன் காதுபடச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்.

மனிதனிடம் கேட்காமலே மீனிடம் கேட்டுவிடும் வழியாகச் செயற்கைக்கோள் அடையாளக் கருவி வந்தது. மீனோடு போய், ஆழம், வெப்பம், ஒளி எல்லாவற்றையும் பதிந்து, குறித்த நாளில் தானாகக் கழன்று மேலே மிதந்து, தகவலை அனுப்பிவிடும். கடல் பற்றிய தகவல் சேவை தரும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோடும் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனத்தோடும் சேர்ந்து நம் கடல்களிலும் கேரைக்கு இதைப் பொருத்தியது. ஆழத்தைப் பற்றி இந்தக் கருவிகள் தெளிவாகச் சொல்லும்: கேரை பெரும்பாலான நேரம் மேல் நூறு மீட்டருக்குள்தான். அரபிக்கடலில் அதற்குக் கீழே உயிர்வளி (ஆக்சிஜன்) சட்டென்று குறைகிறது. ஓயாமல் நீந்தினால்தான் மூச்சு விடமுடியும் என்ற உடம்பு இதற்கு, அந்த நீரில் தங்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் அடிநீர் மேலெழும்போது அந்தக் குறைவளி நீர் இன்னும் மேலே வந்துவிட, கேரைக்கு இருக்கும் அடுக்கு மேலும் ஒடுங்கும். தூண்டிலை எவ்வளவு ஆழம் தொங்கவிடுவது என்று தூத்தூர்க்காரர்கள் பட்டறிந்து வைத்திருப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இடத்தைப் பற்றிக் கேட்டால் அதே கருவி நம் அட்சரேகையில் திணறுகிறது. நீருக்கடியில் ஜிபிஎஸ் கிடைக்காது. பொழுது விடியும் நேரமும் சாயும் நேரமும் வைத்துத் தீர்க்கரேகையைக் கணக்கிடுவார்கள், அது பரவாயில்லை. அட்சரேகைக்குப் பகலின் நீளம் வேண்டும். நியூசிலாந்து பக்கம் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வித்தியாசம். கன்னியாகுமரி இருப்பதோ 8 டிகிரி வடக்கில். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. மீன் ஆழத்தில் இருந்ததால் விடியல் ஐந்து நிமிடம் தாமதமாகப் பதிந்தது என்றால், மீனின் இடம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும்போது கணக்கே நிற்காது. கடல்பரப்பு வெப்பத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள், அதிலும் நம் கடல் பெரும்பாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்து கழுத்தறுக்கும். ஆக, கருவி இருந்தாலும் பிடித்தவரின் வாய்மொழி தேவைப்படுகிறது.

நம் கேரை எங்கே பிறந்தது என்பதற்கும் கல்லில் தடயம் உண்டு; மையப்பகுதியின் உயிர்வளி ஐசோடோப்புகள் அது பிறந்த நீரின் வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். எங்கள் கல்லுக்கு அந்தச் சோதனை செய்ய வசதி இல்லை. அது சின்ன விஷயமும் இல்லை. இந்தியப் பெருங்கடல் முழுவதும் கேரை ஒரே கூட்டம் என்று வைத்துத்தான் ஆணையம் கணக்குப் போடுகிறது. கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தார் மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பார்த்து, இந்தியக் கடல்களுக்குள்ளேயே மூன்று கூட்டங்கள் தெரிவதாக 2013இல் எழுதினார்கள். எது சரியோ, நம் பங்கு மீனின் நிலைமை அதைப் பொறுத்து வேறாகும்.

வயதும் அப்படியே. ஒரு இனம் ஏழு வருடம் வாழும் என்று எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு எத்தனை பங்கு தானாகச் சாகும் என்பதற்கு ஒரு எண் வரும்; பதினைந்து வருடம் என்றால் வேறு எண். அந்த எண்ணை மாற்றினால், எவ்வளவு பிடிக்கலாம் என்ற முடிவே ஆடும். 2015இல் இந்தியப் பெருங்கடல் கேரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனம் என்று அறிவித்து, மறுவருடம் பிடிப்பைக் குறைக்கும் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 மதிப்பீட்டில் அந்த நிலை இல்லை என்று வந்தது. இடையில் கடல் மாறியதைவிடக் கணக்கில் ஊட்டிய தகவல் மாறியது அதிகம் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தகவலில் நம் துறைமுகத்துத் தலைகளின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. குழம்பில் போன கல்லை யாரும் எண்ண முடியாது.

ஸ்ராங்க்கிடம் திரும்ப ஒரு தடவை உட்கார்ந்தேன். தூண்டில் பிடிப்பை ஆணையத்துக்குத் தெரிவிப்பது 5 டிகிரிக்கு 5 டிகிரி கட்டமாகத்தான், அதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உள்ள சதுரம். எந்தக் கட்டம் என்று மட்டும் சொன்னால் போதும், புள்ளி வேண்டாம், போட்டுப் பெயரும் வேண்டாம் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்குள்ள எங்கன வேணும்னாலும் இருக்கலாம்லா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப எழுதிக்கோ" என்று இலட்சத்தீவை ஒட்டிய ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

இப்போது வேறு சில போட்டுக்காரர்களும் கட்டம் சொல்கிறார்கள். பிடித்த மாதம், நீளம், கட்டம் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதிக் கல்லோடு சேர்த்து வைக்கிறோம். ஆணா பெண்ணா என்பதற்கு, சினையிலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்றை மட்டும் கவரில் போட்டு ஐஸில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன், இதுவரை ஒருவரும் வைக்கவில்லை. தலைக்கு அந்த அக்கா விலையைக் கூட்டிவிட்டார்.